கதிர்வீச்சு வேலையில் பெண்கள்: பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் தவறுகள்

கேத் லேப் (எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி இதயச் சிகிச்சை செய்யும் அறை), சி.டி. ஸ்கேன் அறை, அணுமின் நிலையம் என்று எங்கே ஆள் எடுத்தாலும் ஒரு பேச்சு வந்துவிடுகிறது: "பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை? நாளைக்குக் குழந்தை, குட்டி என்று வரும்." அக்கறையோடு சொல்வதுபோலத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வரியில் ஒரு பெண்ணின் வேலை போய்விடுகிறது.

விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரைப்படி, பணியாளருக்கான வரம்பு 5 ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடலுக்குச் சேரும் கதிர்வீச்சால் வரும் பாதிப்பை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐத் தாண்டக் கூடாது. இது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். கூடுதல் கட்டுப்பாடு கருவுக்காக வருகிறது: கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு, மீதமுள்ள மாதங்கள் முழுவதற்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட். அமெரிக்காவில் கர்ப்பகாலம் முழுவதற்கும் 5.

ஆகவே, கருத்தரிக்கக்கூடிய வயதில் இருக்கும் எல்லாப் பெண்களையும் கர்ப்பிணிகளாகவே நடத்துவது முதல் தவறு. அமெரிக்காவில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி நிறுவனம், ஈயத்தைக் காரணம் காட்டி, கருத்தரிக்க இயலாது என்று மருத்துவச் சான்று தராத பெண்களை அந்த வேலைகளிலிருந்து விலக்கியது. ஈயம் ஆண்களின் இனப்பெருக்கத் திறனையும் பாதிக்கும். ஆண்களுக்கோ எந்தத் தடையும் இல்லை. 1991-இல் உச்ச நீதிமன்றம் அதைப் பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றிய முடிவு பெற்றோருடையது, முதலாளியுடையது அல்ல என்றது. கதிர்வீச்சைக் காரணம் காட்டுபவர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

சில நாடுகளில் பெண்களுக்குத் தனி வரம்பு இருப்பது உண்மை. ஜப்பானில் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்கு 3 மாதத்துக்கு 5 மில்லிசீவர்ட்; பிரிட்டனில் 13. கர்ப்பம் என்று தெரியாத தொடக்க வாரங்களில் ஒரேயடியாகப் பெரிய டோஸ் சேர்ந்துவிடாமல் பார்ப்பதே இதன் நோக்கம். இதைத் தடையாகப் படித்துக்கொண்டு பெண்களை எடுக்காமல் இருப்பதற்கு விதியில் இடமில்லை.

அடுத்து, கர்ப்பத்தைத் தெரிவித்த மறுநாளே ஃபைல் அடுக்கும் வேலைக்கு மாற்றிவிடுவது. மிகுந்த தீங்கு செய்வது இதுதான் என்பேன். கர்ப்பத்தைத் தெரிவித்ததைக் காரணமாக்கி விலக்கக் கூடாது, வேலைச் சூழலைத்தான் மாற்றியமைக்க வேண்டும் என்று சர்வதேச அணுசக்தி முகமையின் 2014 பாதுகாப்புத் தரநிலை தெளிவாகச் சொல்கிறது. அலவன்ஸ் போகும், கைப்பழக்கம் போகும், பதவி உயர்வு தள்ளிப்போகும் என்றால் எந்தப் பெண் சீக்கிரம் வாய் திறப்பாள்? மறைப்பாள். கருவின் மூளை வளர்ச்சி கதிர்வீச்சுக்கு மிக எளிதில் பாதிக்கப்படுவது கருத்தரித்த 8 முதல் 15 வாரங்களுக்குள். அந்த வாரங்களில்தான் யாருக்கும் தெரியாமல் வேலை நடக்கும்.

பயத்துக்கும் ஓர் அளவு வேண்டும். கருவுக்கு உடற்குறை போன்ற பாதிப்புகள் ஏற்படும் என்று கருதப்படும் அளவு சுமார் 100 மில்லிகிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை அது 1 மில்லிசீவர்ட் வரம்பைப்போல 100 மடங்கு. இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எல்லோருக்கும் சேர்கிறது. எனவே ஊகிக்க வேண்டாம். கடந்த ஓராண்டின் டி.எல்.டி. பேட்ஜ் (பணியாளர் மேல் விழும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் பட்டை) அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு ஏப்ரனுக்கு (கதிர்வீச்சைத் தடுக்க அணியும் ஈய மேலங்கி) உள்ளே, இடுப்பருகில் இரண்டாவது பேட்ஜ் அணிய வேண்டும். காலரில் வெளியே மாட்டிய பேட்ஜின் எண்ணைக் கருவின் டோஸாகப் படித்துப் பதறுபவர்கள் உண்டு. இடுப்பு பேட்ஜ் காட்டுவதைவிடவும் கருவுக்குச் சேர்வது குறைவு, ஏனென்றால் தாயின் உடலே ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது.

எல்லாக் கதிர்வீச்சையும் ஒன்றாக எண்ணுவதும் தவறு. சிதறும் எக்ஸ்ரேயை ஈய ஏப்ரன் பெருமளவு தடுக்கும். தைராய்டு சிகிச்சையில் பயன்படும் கதிரியக்கப் பொருளான அயோடின்-131-இன் காமாக் கதிர் அதே ஏப்ரனைத் துளைத்துப் போகும். அந்த அயோடின் மூச்சிலோ வாயிலோ உடலுக்குள் போனால் தாயிடமிருந்து கருவின் தைராய்டுக்குச் சேரும், தாய்ப்பாலிலும் கலக்கும். அந்தக் குறிப்பிட்ட வேலையிலிருந்து கர்ப்பிணியையும் பாலூட்டும் தாயையும் மாற்றுவது நியாயம். எக்ஸ்ரே தாய்ப்பாலில் தங்காது. அந்த அறையிலிருந்து பாலூட்டும் தாயை விலக்கக் காரணமே இல்லை.

சமத்துவம் என்று சொல்லிப் பெண் உடலையே மறந்துவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. ஆண் அளவில் தைத்த ஏப்ரனைப் பெண் மாட்டினால் அக்குளருகே இடைவெளி விழுந்து மார்பகத்தின் பக்கவாட்டுப் பகுதி வெளியே தெரியும். ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் அபாயம் பெண்களுக்குக் கூடுதல் என்று தெரிந்தது. அதற்காக விரட்ட வேண்டியதில்லை. நாசாவில் முன்பு வயது, பாலினத்துக்கு ஏற்ப வரம்பு மாறியதால், பெண் விண்வெளி வீரர்களுக்கு விண்ணில் தங்கும் நாட்கள் குறைந்தன. 35 வயதுப் பெண்ணின் அபாயத்தைக் கணக்கிட்டு, எல்லோருக்கும் வாழ்நாள் வரம்பு 600 மில்லிசீவர்ட் என்ற முறைக்கு 2021-இல் அமெரிக்கத் தேசிய அகாடமிகளின் குழு ஆதரவு தந்தது. பாதிப்பு அதிகமானவரை அளவாக வைத்து, அதே பாதுகாப்பை எல்லோருக்கும் தருவதே சரியான வழி.

பணியாளருக்கும் ஒன்று. வாய்மொழியாக மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், தேதி போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விதியில் வயிறு தெரிந்தாலும் தெரிவிப்பது அவரவர் விருப்பம். மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனை கேட்கும் நிர்வாகம் எல்லை மீறுகிறது. வேலை மாற்றத்துக்குச் சம்மதித்தால், எந்தப் பணிகள் நிற்கின்றன, எதுவரை, சம்பளம் அதேதானா, பழைய இடத்துக்கு எப்போது திரும்பலாம் என்பதையும் அதே தாளில் கேட்டு வாங்குங்கள்.