கனடா குடியுரிமை விண்ணப்பம் நகரவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

மாதக்கணக்கில் பதில் இல்லை என்றதும் பலர் ஐஆர்சிசிக்கு (கனடாவின் குடிவரவு, குடியுரிமைத் துறை) வாராவாரம் எழுதத் தொடங்குகிறார்கள். எந்தக் கட்டத்தில் சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் எழுதினால் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வரும்.

படி 1: டிராக்கரைத் (விண்ணப்ப நிலையைக் காட்டும் இணையப் பக்கம்) திறவுங்கள்

யுசிஐ எண் (ஐஆர்சிசி உங்களுக்குத் தந்த அடையாள எண்), விண்ணப்ப எண் இரண்டும் வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததாக வந்த கடிதத்தில் இருக்கும். உள்ளே பின்னணிச் சோதனை, கனடாவில் தங்கிய நாட்கள், மொழி, தடைகள் (குற்ற வழக்கு போன்றவை), தேர்வு, உறுதிமொழி விழா எனத் தனித்தனி வரிகள். எது முடியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் ஸ்பாமையும் துழாவுங்கள். வீடு மாறியிருந்தால் முகவரியை உடனே மாற்றுங்கள். கேட்ட ஆவணத்தைத் தக்க காரணமின்றிக் குறித்த தேதிக்குள் கொடுக்காவிட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதி மூடிவிடலாம்.

படி 2: ஜிசிஎம்எஸ் குறிப்புகளைக் கேளுங்கள்

ஜிசிஎம்எஸ் என்பது ஐஆர்சிசி விண்ணப்பங்களைக் கையாளும் கணினி அமைப்பு. அதிகாரி உங்கள் கோப்பில் என்ன எழுதியிருக்கிறார் என்பது இதில் தெரியும். தகவல் அறியும் சட்டப்படி கட்டணம் 5 டாலர். சட்டம் தரும் கெடு 30 நாள், நீட்டிக்கவும் இடமுண்டு.

படி 3: சிக்கலுக்கு ஏற்ற பதில்

தங்கிய நாட்களில் சிக்கல் என்றால்: விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1095 நாள் தேவை. அதைத் தொட்டும் தொடாமலும் விண்ணப்பித்தவர்களுக்கு, எழுத மறந்த ஒரு பயணமே போதும், கணக்கு உதைக்கும். பழைய பாஸ்போர்ட் பக்கங்கள், வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம் தயாராக இருக்கட்டும்.

பின்னணிச் சோதனை என்றால்: பெயரும் பிறந்த தேதியும் வேறொருவருடன் ஒத்துப்போனால் கைரேகை கேட்பார்கள். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாதது தனித் தலைவலி. இந்திய பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் ஐஆர்சிசி அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றதை வெறுமையாக விடும். ஓட்டுநர் உரிமத்திலோ அப்பா பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா வடிவங்களையும் ஒரே தாளில் எழுதி, அவை ஒரே ஆளைக் குறிப்பவை என்று ஆவணத்தோடு விளக்குங்கள்.

படி 4: வெப்ஃபார்ம்

ஐஆர்சிசி இணையதளத்தில் கேள்வி அனுப்பும் படிவம் இது. இணையதளம் சொல்லும் பரிசீலனைக் காலம் தாண்டியபின் அனுப்புங்கள். நாலு வரி போதும்: எண்கள், விண்ணப்பித்த தேதி, முடியாத கட்டம், உங்கள் கேள்வி. புலம்பல் வேண்டாம்.

படி 5: எம்பி அலுவலகம்

உங்கள் தொகுதி எம்பியின் அலுவலகத்தில் இதற்கென்றே ஆள் இருப்பார். ஒப்புதல் படிவம் தந்தால்தான் உங்கள் கோப்பைப் பற்றிக் கேட்க முடியும். அவர்களால் நிலையை அறிய முடியும்; முடிவை மாற்ற முடியாது.

படி 6: ஃபெடரல் கோர்ட்

நியாயமற்ற தாமதம் என்றால், முடிவெடுக்கச் சொல்லி மாண்டமஸ் உத்தரவு கேட்கலாம். நீதிமன்றக் கட்டணம் 50 டாலர்தான். வக்கீல் செலவுதான் ஆயிரக்கணக்கில் போகும். அதற்குமுன், முடிவெடுக்கும்படி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். படி 4-இல் அனுப்பியதன் நகலைப் பத்திரப்படுத்தி வையுங்கள்; இதற்குத் தேவைப்படும்.

இதற்கிடையில் பிஆர் (நிரந்தர வதிவிட) கார்டு

கார்டு காலாவதியானால் நிரந்தர வதிவிட உரிமை போகாது. ஆனால் ஊருக்குப் போய்த் திரும்பும்போது செல்லுபடியாகும் கார்டு கையில் இல்லையென்றால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்; வெளிநாட்டிலிருந்தே பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். குடியுரிமை சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பி இருக்காமல், காலாவதிக்கு 9 மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போதே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள்.