முறுக்குக் கம்பெனிக்குப் போன பிள்ளையைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

உசிலம்பட்டிப் பக்கம் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெற்றோர் கையில் அட்வான்ஸ் பணத்தைக் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை ஆந்திரா, மகாராஷ்டிரா என்று முறுக்குக் கம்பெனி வேலைக்கு ஏஜென்ட் கூட்டிப்போகிற வழக்கம் பழையது. புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்தும் பையன் வரவில்லையா? "பாட்டி வீட்டுக்குப் போயிருக்கான் சார்" என்ற பதிலோடு பதிவேட்டை மூடிவிடாதீர்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். திண்ணையில் உட்கார்ந்து மழை, மாடு, மல்லிகைப்பூ விலை எல்லாம் பேசிவிட்டு, "அட்வான்ஸ் எவ்வளவுக்கா வாங்குனீங்க?" என்று கேளுங்கள். வாங்கினீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

முடிச்சு அந்த அட்வான்ஸில்தான் இருக்கிறது. கல்யாணக் கடனோ ஆஸ்பத்திரிச் செலவோ, ஏதோ ஒன்றுக்கு வாங்கியிருப்பார்கள். பிள்ளை திரும்பி வந்தால் பணத்தை யார் கட்டுவது என்ற பயத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். உழைப்பை ஈடாக வைத்து வாங்கிய கடன் 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி செல்லாது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. இதைச் சொல்லுங்கள். ஒரே நாளில் நம்பமாட்டார்கள், மறுபடி போய்ச் சொல்லுங்கள்.

ஆனால் புகாரைத் தள்ளிப்போடக் கூடாது. எந்த ஊர், ஏஜென்டின் போன் எண், பையன் கடைசியாகப் பேசிய எண், இவை கிடைத்ததும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. ஏஜென்டிடம் நேரில் போய்ச் சத்தம் போடாதீர்கள். இரவோடு இரவாகப் பையனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவான். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உலகம் முழுக்க 13 கோடியே 80 லட்சம் குழந்தைகள் வேலையில் இருப்பதாக 2024-க்கான ஐ.நா. கணக்கு சொல்கிறது. வெளிநாட்டுக்காரன் சட்டை வாங்கும் கம்பெனிக்காவது சோதனைக்கு ஆள் வருவான். உள்ளூர்ச் சந்தையில் விற்கிற முறுக்குக்கு யார் வருவார்? நாம்தான் கேட்க வேண்டும்.

பையனை மீட்டதும் ரயில் ஏற்ற அவசரப்படுவார்கள். அதற்கு முன்பே, மீட்ட ஊரின் வருவாய்க் கோட்ட அதிகாரியிடம், கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவன் என்று காட்டும் விடுவிப்புச் சான்றிதழைக் கேட்கச் சொல்லுங்கள். நிவாரணப் பணத்துக்கு அதுதான் ஆதாரம். பிறகு வாங்க அலைவது பெரும்பாடு.

ஊருக்கு வந்தவனை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேருங்கள். டி.சி. இல்லை என்று எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பக் கூடாது. விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். இரண்டும் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன. காலை உணவுத் திட்டத்தை 2022-இல் நம் மதுரையில்தான் தொடங்கினார்கள், ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. ஆறிலும் ஏழிலும்தான் பையன்கள் கழன்று போகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

முதல் மாதம் தினமும் வருகிறானா என்று பாருங்கள். ஒரு நாள் வராவிட்டாலும் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடுங்கள். தீபாவளி நெருங்கும்போது ஏஜென்ட் திரும்ப வருவான். அவன் வந்தால் உங்களுக்குப் போன் செய்யும்படி அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.