ஜெர்மனியில் முதல் மாதம்: இராமநாதபுரம் கரையோர மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி போன்ற நமது ஊர்களிலிருந்து முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு, அங்குள்ள குளிரையும் மொழியையும் விட அதிகச் சிரமம் தருவது, எந்த வேலையை முதலில் முடிப்பது என்று தெரியாமல் நிற்கும் நிலைதான். அங்கே ஏறத்தாழ எல்லாக் காரியங்களும் ஒரு முகவரியிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே அதற்கான ஏற்பாட்டை ஊரில் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும்.

முதலில் பணம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்றாலும், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது ஓராண்டு வாழ்க்கைச் செலவைப் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் கணக்கில் செலுத்திக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும். குளிர்காலக் கல்விப் பருவம் அக்டோபரில் தொடங்குவதால் பணம் திரட்ட வேண்டிய காலம் கோடையில் வந்து விழுகிறது. நமது விசைப்படகுக் குடும்பங்களுக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், மீன்பிடித் தடைக்காலம். வருமானமே இல்லாத அந்த நாள்களில் வட்டிக்கு வாங்கித் தவிக்காமல் இருக்க, கல்விக் கடனுக்கான ஆவணங்களை ஜனவரியிலேயே வங்கியில் காட்டிப் பேசிவிடுங்கள். நமது கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரப்படும், இந்திய மாணவர்கள் கட்டாயம் பெற வேண்டிய ஏபிஎஸ் சான்றிதழுக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்துவிட வேண்டும்.

பெயரையும் அப்போதே சரிபார்த்துவிட வேண்டும். பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்து, பட்டச் சான்றிதழில் அப்பாவின் முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் வெறுமை என்று இருந்தால், ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். விடுதிக்கான காத்திருப்புப் பட்டியல் நீளமானது. தனியார் அறையைப் பார்ப்பதானால், நேரிலோ நம்பிக்கையான ஒருவர் மூலமாகவோ பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பவே கூடாது. நம் பெற்றோரின் சேமிப்பை இந்த வழியில் பறிப்பதற்கென்றே போலி விளம்பரங்கள் இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த முகவரியில் பதிவு செய்துகொள்ள வீட்டுக்காரர் அனுமதிப்பாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் வேண்டும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் ஆகியவை பெரும்பாலும் தனித்தனியே தபாலில்தான் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டப்படாமல் இருந்தால் அவை அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நம் ஊரில் இன்னார் மகன் என்று சொன்னாலே தபால் வீடு தேடி வந்துவிடும். அங்கே அந்தப் பெட்டியில் உள்ள பெயர்தான் உங்களுக்கு அடையாளம்.

விமானச் சீட்டை, திங்கள் அல்லது செவ்வாய் காலையில் இறங்கும்படி எடுப்பது நல்லது. விடுதிச் சாவி அலுவலக நேரத்தில்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளிலும், தேசிய விடுமுறையான அக்டோபர் 3 அன்றும் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

பெட்டியில் எதை வைப்பது என்பதில் அம்மாக்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை மீன் பொருள்கள் கொண்டுபோகலாம். கருவாடும் அதில் அடங்கும். ஆனால் இறைச்சி, நெய், பால்கோவா போன்றவற்றுக்கு அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் தேவை. தேங்காய்க்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. கருவாட்டைப் பொதுச் சமையலறையில் வறுக்கும் முன் ஜன்னலைத் திறந்து வைத்து, உடன் வசிப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவ்வாறு சொல்வதை அங்கே பெரிதும் மதிக்கிறார்கள்.

குடத்துக்கு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கிப் பழகிய நமக்கு, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பது முதல் நாள் வியப்பு. அடுத்து வருவது அமைதி. பேருந்திலோ மாடிப்படியிலோ யாரும் நின்று ஊர், பேர் விசாரிக்க மாட்டார்கள். இதை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு அறைக்குள் முடங்கிவிடாதீர்கள். வழி கேட்டால் பெரும்பாலோர் நின்று பொறுமையாகச் சொல்வார்கள். டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால், பகலில் ஒரு முறையாவது வெளியே நடந்து வருவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று கடிகாரம் மாற்றப்படுவதால், நமக்கும் அவர்களுக்குமான நேர வேறுபாடு மூன்றரை மணியிலிருந்து நாலரை மணியாகும். இதை வீட்டிலும் சொல்லிவையுங்கள். இல்லையென்றால் அப்பா கடலுக்குப் புறப்படும் முன் உங்கள் அழைப்புக்காகக் காத்திருந்து ஏமாறுவார்.

பல நகரங்களில் ஈழத்தமிழர் கடைகள் உள்ளன. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அங்கே கிடைக்கும். 1983க்குப் பிறகு நம் கரையில் வந்து இறங்கியவர்களின் உறவுகள் அந்த நாட்டிலும் வேரூன்றியிருக்கிறார்கள். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்மன் கோயிலும் அவர்கள் எழுப்பியதே. இராமேஸ்வரம் பக்கம் என்று சொல்லிப் பேச்சைத் தொடங்கத் தயங்க வேண்டாம்.

கடைசியாக வதிவிட அனுமதி. கொண்டுபோகும் விசா பெரும்பாலும் சில மாதங்களுக்கே செல்லும். அது முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். அங்கே நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், முகவரிப் பதிவுச் சான்று கைக்கு வந்த அன்றே சந்திப்பு நேரத்துக்கு எழுதுங்கள். எழுதியதற்கான மின்னஞ்சலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.