மெமரி கார்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண வேலைக்குப் புதிதாகக் கேமராவோடு வரும் தம்பிகளைப் பார்க்கிறேன். லென்ஸ் வாங்க மாதக்கணக்கில் பணம் சேர்க்கிறார்கள். கார்டு என்றால் மட்டும் மலிவானதைத் தேடுகிறார்கள். ஃபார்மட் செய்ய மறப்பது, கார்டின் ஓரத்தில் உள்ள பூட்டைக் கவனிக்காதது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

பாதி விலைக்கு 128 ஜிபி

இன்றும் எனக்குக் கோபம் மூட்டுவது இதுதான். ஒரு தம்பி பெரிய நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட கார்டைப் பாதி விலைக்கு வாங்கிவந்தார். முதல் நாள் மாலை எடுத்த வரவேற்புப் படங்கள் பழுதில்லை. மறுநாள் தாலி கட்டிய படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தால், சில பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். பல திறக்கவே இல்லை. கோப்பின் பெயர் இருக்கிறது, அளவும் காட்டுகிறது, உள்ளே படம் இல்லை.

போலிக் கார்டுக்குள் 16 ஜிபி போன்ற சிறிய சிப்தான் இருக்கும். 128 என்று பொய் சொல்லும்படி, கார்டை இயக்கும் கன்ட்ரோலரை மாற்றிவிடுகிறார்கள். கேமராவும் நம்பி எழுதிக்கொண்டே போகும். உண்மையான இடம் தீர்ந்தபின் வரும் படங்கள் எங்கும் பதிவாகாது, அல்லது முந்தைய படங்களின் மேலேயே எழுதப்படும். "ரெக்கவரி மென்பொருள் இருக்கிறதே அண்ணா" என்றார். பதிவே ஆகாத படத்தை எதிலிருந்து மீட்பது? பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது?

வாங்கிய அன்றே சோதியுங்கள். அதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ (h2testw); மேக், லினக்ஸுக்கு எஃப்3 (F3). இரண்டும் இலவசம். கார்டு முழுவதையும் நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். இந்தச் சோதனை முடியாத கார்டை முகூர்த்தத்துக்கு எடுத்துவராதீர்கள்.

முகப்பில் உள்ள பெரிய எண்

170, 200 என்று கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். படம் எடுக்கும்போது வேண்டியது எழுதும் வேகம். வீடியோவுக்கு வி30, வி60 குறியைப் பாருங்கள். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட். கேமரா மெனு காட்டுவதோ மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் 8ஆல் வகுக்க வேண்டும். 400 மெகாபிட் வீடியோவுக்கு நொடிக்கு 50 மெகாபைட் தேவை. அங்கே வி30 கார்டைப் போட்டால் பதிவு நடுவிலேயே நின்றுவிடலாம்.

யுஎச்எஸ்-2 கார்டு

யுஎச்எஸ் என்பது கார்டும் கேமராவும் தரவு பரிமாறும் முறை; 1ஐ விட 2 வேகமானது. கேமரா யுஎச்எஸ்-1 என்றால் படம் எடுக்கையில் அந்தக் கூடுதல் வேகம் கிடைக்காது.

பழைய கேமரா

எஸ்டிஎச்சி (SDHC) என்ற பழைய கார்டு வகை வரை மட்டுமே ஏற்குமானால் 32 ஜிபியைத் தாண்டாதீர்கள்.