மதுரை வெயிலில் லேப்டாப் பேட்டரியைக் காப்பது எப்படி?

‘சார்ஜே நிற்க மாட்டேங்குது’ என்று யாராவது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், அந்த ஒரு வரிக்குள் பெரும்பாலும் இரண்டு புகார்கள் இருக்கும். இன்றைக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது ஒன்று. வாங்கிய புதிதில் ஐந்து மணி நேரம் வந்தது, இப்போது இரண்டு மணி நேரம்கூட வரவில்லை என்பது இன்னொன்று. முதலாவது செலவுக் கணக்கு. திரை வெளிச்சத்தையும் பின்னால் ஓடும் மென்பொருள்களையும் கவனித்தால் அன்றைக்கே சரியாகிவிடும். இரண்டாவது ஆயுள் கணக்கு. போன கொள்ளளவு திரும்ப வராது. இனிமேல் போவதைத்தான் மெதுவாக்க முடியும்.

பொதுவாகக் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் முதல் புகாரையே சுற்றி வருகின்றன. ஆனால் நம் ஊரில் பேட்டரி சீக்கிரம் சாவதற்குக் காரணம் வேறு: சூடு, அதோடு எந்நேரமும் 100 சதவீதத்தில் செருகியே வைத்திருக்கும் பழக்கம். இந்த இரண்டையும் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை. அதனால் வழக்கமான வரிசையை மாற்றி, ஆயுளிலிருந்து தொடங்குகிறேன். படிகள் விண்டோஸ் 11-க்கானவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்களுக்குப் பெயர்கள் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

படி 1: பேட்டரியின் உடல்நிலையைப் பாருங்கள்

நிலைமை தெரியாமல் வைத்தியம் பார்க்க வேண்டாம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி ‘சிஎம்டி’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, என்டர் அழுத்துங்கள். கமாண்ட் பிராம்ட் என்ற கறுப்புத் திரை வரும். அதில் ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி என்ற எழுத்துகளை ஒட்டுங்கள். அப்புறம் ஓர் இடைவெளி, ஒரு சாய்வுக்கோடு (கேள்விக்குறி இருக்கும் அதே விசையில் உள்ளது), அதையொட்டி ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்ற இரண்டு சொற்களையும் ஒரே சொல்லாகச் சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள்.

ஓர் அறிக்கை உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை அந்தக் கறுப்புத் திரையே சொல்லும். அங்கே போய் இரட்டைச் சொடுக்கு கொடுத்தால் பிரவுசரில் திறக்கும். நீளமான அறிக்கை, பயப்பட வேண்டாம். உங்களுக்கு வேண்டியது மூன்றே வரிகள்.

டிசைன் கெப்பாசிட்டி என்பது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்றைக்கு முழுதாக ஏற்றினால் பிடிக்கும் அளவு. முதல் எண் 45,000 என்றும் இரண்டாவது 36,000 என்றும் இருந்தால், 80 சதவீதம் மிச்சம் என்று பொருள், கவலை இல்லை. பாதிக்கு அருகில் வந்துவிட்டால் எந்தச் செட்டிங்கும் காப்பாற்றாது, நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடலாம். மூன்றாவது வரி சைக்கிள் கவுண்ட். இது எத்தனை தடவை செருகினீர்கள் என்ற எண்ணிக்கை அல்ல. இன்று பாதி, நாளை பாதி என்று பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள். சில லேப்டாப்களில் இந்த இடம் காலியாக இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

ஆப்பிள் மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு கிடையாது. சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய், பேட்டரி ஹெல்த் பக்கத்தில் இருக்கும் சின்ன ‘ஐ’ குறியைச் சொடுக்கினால் மிச்சக் கொள்ளளவு சதவீதமாகவே தெரியும்.

படி 2: 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

லித்தியம் அயான் பேட்டரியில் சார்ஜ் ஏற ஏற ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜும் உயரும். முழுதாக ஏறும்போது 4.2 வோல்ட்டையோ அதற்குச் சற்று மேலேயோ தொடும். அந்த உச்சத்திலேயே நீண்ட நேரம் நிற்கும்போது, உள்ளே கிராஃபைட்டின் மேல் படியும் ஒரு மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போகிறது. அந்தப் படலத்தில் சிக்கிய லித்தியம் இனி மின்சாரம் சுமக்காது. கொள்ளளவு குறைவதற்கு இது முக்கியக் காரணம். சூடு சேர்ந்தால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும்.

எவ்வளவு வேகமாக? பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு ஓர் ஆண்டு சும்மா வைத்திருந்த பேட்டரியில் சுமார் 96 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே ஓர் ஆண்டு 40 டிகிரியில், முழு சார்ஜோடு வைத்திருந்தால் சுமார் 65 சதவீதம்தான். சித்திரை, வைகாசியில் மாடி அறையில் மேசைமேல் செருகியே கிடக்கும் லேப்டாப்புக்கு இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும்.

அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு காலி என்று பெரியவர்கள் சொல்வார்களே, பேட்டரிக்கும் அதுதான் நல்லது.

வழி என்ன? விண்டோஸுக்குள் இதற்கென எல்லோருக்கும் பொதுவான ஒரு பொத்தான் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லெனோவோவில் ‘லெனோவோ வான்டேஜ்’ என்ற செயலியைத் திறந்து, பவர் பகுதியில் ‘கன்சர்வேஷன் மோடு’ போடுங்கள். ஏசுஸில் ‘மை ஏசுஸ்’ செயலிக்குள் ‘பேட்டரி கேர் மோடு’. டெல்லில் அதன் பவர் மேனேஜரிலோ பயாஸிலோ (விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) ‘பிரைமரிலி ஏசி யூஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஏசரில் அவர்களுடைய ‘கேர் சென்டர்’ அல்லது ‘ஏசர் சென்ஸ்’ செயலியில் சார்ஜ் லிமிட் இருக்கும். எச்பியில் லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்10 விசையைத் தட்டி பயாஸுக்குள் போக வேண்டும். அங்கே பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்ற பெயரிலோ பேட்டரி கேர் என்ற பெயரிலோ இருக்கும். பயாஸில் வேறு எதையும் தொடாமல், அதை மட்டும் மாற்றிச் சேமித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பழைய மாடலில் இந்த வசதியே இல்லையா? 80-ஐத் தாண்டும்போது பிளக்கைப் பிடுங்கி, 20, 30-க்கு வரும்போது மறுபடி செருகுங்கள். இதையே காவல் காத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, ஞாபகம் வரும்போது செய்தால் போதும்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் வரும்: ‘முழுசா இறக்கிட்டுத்தானே ஏத்தணும்?’ அது நிக்கல் கேட்மியம் பேட்டரிக் காலத்து அறிவுரை. லித்தியம் பேட்டரிக்கு அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவது கெடுதல்தான். இரவு முழுக்கச் செருகி வைத்தால் ‘ஓவர் சார்ஜ்’ ஆகி வெடிக்கும் என்ற பயமும் தேவையில்லை. நிறைந்தவுடன் உள்ளே இருக்கும் சர்க்யூட்டே நிறுத்திவிடும். உச்சத்திலேயே நிற்பதுதான் சிக்கல்.

மின்தடை நாளுக்கு மட்டும் விதிவிலக்கு. பராமரிப்புப் பணிக்காக நாளை காலையிலிருந்து மாலை வரை கரண்ட் இருக்காது என்று செய்தித்தாளில் உங்கள் ஏரியா பெயர் வந்திருந்தால், முந்தைய இரவு லிமிட்டை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் நிறைந்திருப்பதால் ஒன்றும் ஆகாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும், முதலில் லேப்டாப்பை அதன் சொந்த பேட்டரியிலேயே ஓட்டுங்கள். இன்வெர்ட்டரை ஃபேனுக்கு விட்டுவைத்தால் மதியத்தைத் தாண்டலாம்.

படி 3: சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள்

ஆப்பிள் நிறுவனம் தன் சாதனங்களைப் பற்றி, சுற்றுப்புறம் 35 டிகிரியைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்று எச்சரிக்கிறது. மதுரையில் ஏப்ரல், மே மதியங்களில் 40 டிகிரி ஒன்றும் அதிசயம் இல்லை. அந்த மாதங்களில் நம் வீட்டுக்குள்ளேயே இந்த வரம்பு தாண்டிவிடும். ஏசி இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இல்லாதவர்கள் நேரத்தை மாற்றலாம்: சார்ஜ் ஏற்றும் வேலையை அதிகாலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது பேட்டரி தானாகவே கொஞ்சம் சூடாகும். மதியச் சூட்டோடு அதையும் சேர்க்க வேண்டாம்.

மெத்தை, தலையணை, மடி இவற்றில் வைத்து வேலை பார்த்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபடும். ஒரு பலகையோ தடித்த அட்டையோ போதும். பின்பக்கத்தை இரண்டு சிறு கட்டைகளால் ஓர் அங்குலம் தூக்கிவிட்டால் இன்னும் நல்லது. நூற்று ஐம்பது ரூபாய் ஸ்டாண்டும் இதைத்தான் செய்கிறது.

காரைப் பூட்டி மாட்டுத்தாவணியில் வெயிலில் நிறுத்திவிட்டு, பின்சீட்டில் லேப்டாப்பை விட்டுப் போகாதீர்கள். வண்டிக்குள் வெளியைவிடச் சூடு அதிகமாக ஏறும். ஸ்கூட்டரின் சீட்டுக்கடியிலும் அப்படித்தான்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மூடியை மூடிவிட்டு அப்படியே பைக்குள் திணிக்கிறோம். லேப்டாப் தூங்குவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, புதிய மாடல்கள் பல அந்த நிலையிலும் இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்கும். சென்னை போய்ச் சேர்ந்து பையைத் திறந்தால் அடுப்பில் இருந்து எடுத்த மாதிரி இருக்கும், சார்ஜும் இருக்காது. பயணம் கிளம்பும்போது ஷட் டவுன் செய்யுங்கள், இல்லையென்றால் ஹைபர்னேட் (திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணையும் நிலை) போடுங்கள். ஹைபர்னேட் மெனுவில் இல்லையென்றால், கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டு’ என்று உள்ளே போய் அதற்கு டிக் போட வேண்டும். அதே பக்கத்தில், மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படியும் வைத்துக்கொள்ளலாம்.

தூசி பற்றி ஒரு வரி: காற்றுத் துளைகளை அவ்வப்போது, லேப்டாப்பை அணைத்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

படி 4: அன்றாடச் செலவைக் குறையுங்கள்

இப்போது முதல் புகாருக்கு வருவோம். கணக்கு எளிது. 45 வாட் அவர் (பேட்டரி பிடிக்கும் மின்சாரத்தின் அளவு) பேட்டரி, லேப்டாப் இழுப்பது 9 வாட் என்றால் 5 மணி நேரம். 15 வாட் இழுத்தால் 3 மணி நேரம். அந்த இழுவையைக் குறைப்பதுதான் வேலை.

பெரிய செலவாளி திரை. வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் திரை என்றால், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 60 ஆக்குங்கள். டார்க் தீம் போட்டால் மிச்சமாகும் என்பது ஓலெட் திரைக்கு மட்டும் பொருந்தும். சாதாரண எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும், அதில் கறுப்பு போட்டு ஆவது ஒன்றுமில்லை.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி. பவர் மோடில் பேட்டரிக்கு ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்ஸி’ கொடுங்கள். எனர்ஜி சேவரை 30 சதவீதத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் பேட்டரி யூசேஜ் என்று இருக்கும். எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று வரிசையாகக் காட்டும். பெரும்பாலும் முதல் இடத்தில் பிரவுசர்தான் இருக்கும். திறந்து வைத்த டேப்களை மூடுங்கள், பின்னணியில் ஓடும் யூடியூபை நிறுத்துங்கள். கணக்கு மென்பொருளான டாலியும் வேர்டும் பேட்டரியைத் தின்கின்றன என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள்.

படி 5: பயன்படுத்தாத லேப்டாப்பை எப்படி வைப்பது?

அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் பல வீடுகளில் பீரோவில் தூங்குகிறது. காலியான பேட்டரியோடு மாதக்கணக்கில் வைத்தால், வோல்ட்டேஜ் ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்கி, அப்புறம் சார்ஜே ஏறாது. சுமார் 50 சதவீதத்தில் அணைத்து, வெயில் படாத அலமாரியில் கீழ்த்தட்டில் வையுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள்.

படி 6: மாற்ற வேண்டிய நேரம்

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறதா? மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? மூடி சரியாக மூடவில்லையா? பேட்டரி உப்பியிருக்கலாம். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, மறுபடி சார்ஜ் போடவும் கூடாது, தீப்பிடிக்க வாய்ப்புண்டு. கழற்றுவதைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

உப்பாமல், கொள்ளளவு மட்டும் தேய்ந்திருந்தால் அவசரம் இல்லை. முதலில் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் விலை கேளுங்கள். அப்புறம் டவுன்ஹால் ரோடு பக்கம் கடைகளில் விசாரிக்கலாம். மாடல் பெயரை வாயால் சொல்லி வாங்காமல் லேப்டாப்பையே எடுத்துப் போங்கள். பழைய பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பர், வோல்ட்டேஜ் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கொள்ளளவை வாட் அவரில் ஒப்பிடுங்கள். ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறி பேட்டரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு அது கட்டாயம். பாதி விலைக்குக் கிடைப்பதில் அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், அல்லது எழுத்து மங்கலாக இருக்கும்.

பழையதைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. மாற்றும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

புதியதை மாட்டியதும் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள். அங்கேயே முதல் படியில் சொன்ன அறிக்கையை எடுத்து, இரண்டு கொள்ளளவு எண்களும் கிட்டத்தட்ட சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி ரொம்பக் கீழே இருந்தால் பழைய சரக்கு. பில் கையில் இருக்கும்போதே வேறு ஒன்று கேட்டு வாங்குங்கள்.