நுவரெலியா இறக்கத்தில் பிரேக் சூடானால்

நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரம், கண்டி 500 மீட்டர். இடையில் றம்பொடை வழியாக இறங்கும் ஏ5 சாலை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். ஆட்டோ கியர் வாடகைக் காரை 'டி'யிலேயே (வழக்கமான ஓட்ட நிலை) வைத்து பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கியதில் கருகல் வாடை வந்தது, பெடல் பஞ்சுபோல் அமுங்கியது.

பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் சூடேறியது பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை). பஞ்சாக அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் கட்டியிருக்கிறது. இதுதான் ஆபத்தானது. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதில் 205 டிகிரி தாங்கும். ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு 140 டிகிரியே எல்லை.

சமதளத்தில் ஒதுக்கி, 'P' பார்க்கிங்கில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிஸ்க் கோணிவிடும். அரை மணி நேரத்தில் பெடல் இறுகியது. இறுகாவிட்டால் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

மீதி இறக்கம் முழுக்க 'எல்' எனும் தாழ் கியர், எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ள (ஹைபிரிட் காரில் 'B' என்ற தனி நிலை, பார்க்கிங் 'P' அல்ல). வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கில் அழுத்தமாக ஒரு மிதி, உடனே முழுதாக விடுதல். கண்டியில் பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னேன். வெளியே வந்த பழைய ஆயில் கறுப்பாக இருந்தது.