தண்டையார்பேட்டையிலிருந்து இண்டி ராக் கச்சேரிக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

"இது எந்தப் படத்துப் பாட்டு?" ஒரு இண்டி பேண்டின் பாட்டைப் போட்டுக் காட்டினால் எங்கள் தெருவில் முதலில் வரும் கேள்வி இதுதான். எந்தப் படமும் இல்லை. சினிமாவையோ பெரிய ஆடியோ கம்பெனியையோ நம்பாமல், தாங்களே எழுதி, மெட்டுப் போட்டு, கைக்காசில் ரெக்கார்ட் செய்கிறவர்களைத்தான் இண்டி என்கிறோம். பிரிட்டனில் இப்படிப்பட்ட சின்னக் கம்பெனிகளின் இசைத்தட்டுகளுக்கென்றே 1980 ஜனவரியில் தனி விற்பனைப் பட்டியல் தொடங்கிவிட்டார்கள். சென்னையில் ஸ்க்ராட், தி எஃப்16ஸ் என்று ஆங்கிலத்தில் பாடும் ராக் பேண்டுகள் வந்தன. தமிழில் குரங்கன் மாதிரி குழுக்களும் வந்தன.

நம்ம வடசென்னைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. "அதெல்லாம் அடையாறு, அண்ணா நகர் ஆளுங்க சமாச்சாரம்" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கானா கேட்டு வளர்ந்த காதுக்கு ராக் ஒன்றும் அந்நியமில்லை. 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடை ஏறியபோது கானாவும் ராக்கும் ராப்பும் ஒன்றாகவே ஏறின. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி ராயபுரத்துப் பெண். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தவர். அதனால் தைரியமாகக் கிளம்புங்கள்.

படி 1: சின்ன இடமாகப் பாருங்கள்

முதல் கச்சேரிக்கு மைதானம் வேண்டாம். நந்தனம் ஒய்எம்சிஏ மாதிரி இடத்தில் பின்னால் மாட்டிக்கொண்டால் திரையில்தான் பேண்டைப் பார்ப்பீர்கள். அதற்கு வீட்டிலேயே யூடியூப் பார்க்கலாம். இருநூறு முந்நூறு பேர் கொள்ளும் அரங்கமோ கல்லூரி ஹாலோ நல்லது. பப்பில் நடக்கிறதென்றால் டிக்கெட் எடுக்குமுன் வயது வரம்பைப் பாருங்கள்; 21 ஆகாதவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். போகுமுன் அந்த பேண்டின் பாட்டுகளில் மூன்று நான்கைக் கேட்டு வையுங்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, மேடையில் புதிதாகக் கேட்பதற்கும் ஏதாவது மிச்சம் இருக்கட்டும்.

படி 2: திரும்பி வரும் வழியை முதலில் யோசியுங்கள்

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு நம் பாடு சுலபமாகிவிட்டது. தண்டையார்பேட்டையில் ஏறினால் நந்தனத்துக்கு மாறாமல் போகலாம். எழும்பூர் மியூசியம் தியேட்டர் என்றால் சென்ட்ரலில் பச்சை லைனுக்கு மாறி அடுத்த ஸ்டேஷன். கடைசி ரயில் இரவு 11 மணி வாக்கில் போய்விடும்; போகும்போதே ஸ்டேஷனில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த வெளிக் கச்சேரியைப் பொதுவாக 10 மணிக்குள் முடிப்பார்கள், அதற்குமேல் ஒலிபெருக்கிக்குத் தடை. அரங்கத்துக்குள் நடப்பது இழுத்துக்கொண்டே போகலாம். போஸ்டரில் 7 மணி என்று போட்டிருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதலில் வாசிக்கும் சின்ன பேண்டை மட்டும் தவறவிடாதீர்கள். சில ராத்திரிகளில் அவர்கள்தான் உருப்படியாக வாசித்திருப்பார்கள்.

படி 3: காதுக்கு இயர்பிளக்

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக் போதும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும் என்பது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்குப் போனால் கால் மணி நேரம்தான். ராக் கச்சேரி சர்வசாதாரணமாக அந்த அளவைத் தொடும். பக்கத்தில் நிற்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

படி 4: எங்கே நிற்பது

முன்வரிசைக்கு முண்டியடிப்பதுதான் எல்லாருக்கும் ஆசை. அங்கே நின்றால் பாடகரின் வேர்வை தெரியும், பாட்டு வரி புரியாது. காரணம் எளிது: குரல் வருவது மேடைக்கு இரண்டு பக்கமும் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களில், அவை உங்களைத் தாண்டிப் பின்னால் இருக்கிற கூட்டத்தைப் பார்த்து நிற்கின்றன. முன்னால் உங்களுக்கு நேராக வருவது டிரம்ஸ் சத்தமும் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டிச் சத்தமும்தான். சரி, கடைசியில் சுவரோரம் நிற்கலாமா என்றால் அங்கே பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி தேங்கி எல்லாம் 'தம்தம்' என்று குழம்பிவிடும். அரங்கின் நடுவில் சவுண்ட்காரர் மிக்ஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பார்த்திருப்பீர்கள். அவருக்கு முன்னால் போய் நில்லுங்கள். அவர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். ஒன்றிரண்டு பாட்டுக்கு மட்டும் முன்னால் போய் வாருங்கள், அந்த அதிர்வையும் வாங்க வேண்டுமே.

படி 5: கேட்பது

முதல் பாட்டில் பாடகரைப் பார்க்காதீர்கள். டிரம்ஸ்காரரின் வலது காலைப் பாருங்கள். அந்தக் கால் மிதிப்பது கிக் டிரம். நெஞ்செலும்பில் வந்து முட்டுகிறதே, அது. அந்த மிதி விழும் அதே கணத்தில் பேஸ் கிட்டார்காரரின் விரலும் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பேண்ட் ஒழுங்காக ஒத்திகை பார்த்திருக்கிறது என்று அர்த்தம். கானாவில் சட்டி, கட்ட மோளம் என்ற இரண்டு மேளங்களும் ஒன்றையொன்று விடாமல் ஓடுவதைக் கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அடுத்து கிட்டார்காரரின் காலடி. தரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருக்கும், பெடல் என்பார்கள். அதுவரை மணி மாதிரி தெளிவாக இருந்த கிட்டார், ஒன்றை மிதித்ததும் கரகரவென்று கிழியும். பல பாட்டுகளின் உயிரே அந்த மாற்றத்தில் இருக்கிறது: சரணத்தை அடக்கி வாசித்து, பல்லவி வரும்போது ஒட்டுமொத்தமாகத் திறந்துவிடுவார்கள்.

கை தட்டுவதென்றால் ஸ்நேர் விழும் இடத்தில் தட்டுங்கள்; டிரம்ஸ்காரர் குச்சியால் 'டப்' என்று அடிப்பாரே, அந்த டிரம்தான் ஸ்நேர். 1, 2, 3, 4 என்று எண்ணினால் பெரும்பாலும் 2-இலும் 4-இலும் விழும். நம் கூட்டம் பழக்கதோஷத்தில் 1-இல் ஆரம்பித்துவிடும், டிரம்ஸ்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

இன்னொன்று, பாட்டுக்கு நடுவில் எதிர்பாராமல் விழும் இடைவெளி. பேண்டின் தரம் அங்கேதான் தெரியும் என்பேன். எழும்பூரில் ஒரு கச்சேரியில் பாதிப் பாட்டில் கிட்டார் கம்பி அறுந்தது. கிட்டார்காரர் திரும்பி உட்கார்ந்து பையைத் துழாவுகிறார். பேஸும் டிரம்ஸும் நிறுத்தவில்லை. அதே நான்கு சுரத்தைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாசித்தார்கள். பாடுகிற பெண் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார். புதுக் கம்பி மாட்டி அவர் எழுந்து நின்றபோது அரங்கமே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தது. ரெக்கார்டில் இந்தப் பாட்டு வெறும் நான்கு நிமிடம்.

படி 6: போன்

ஒரு பாட்டு எடுங்கள், அப்புறம் பாக்கெட்டில் போடுங்கள். போன் மைக் அந்தச் சத்தத்தைத் தாங்காது, வெறும் இரைச்சல்தான் பதிவாகும்.

படி 7: அன்றைக்கு ராத்திரியே எழுதுங்கள்

ரயிலில் வரும்போதே போனில் குறித்துவிடுங்கள். தூங்கி எழுந்தால் "செம, வேற லெவல்" என்பது மட்டும்தான் மிஞ்சும், அதை வைத்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எந்தப் பாட்டில் கூட்டம் அசைய ஆரம்பித்தது, குரல் எங்கே அமுங்கியது, ரெக்கார்டைவிட எது வேகமாகப் போனது என்று எழுதுங்கள். "மூன்றாவது பாட்டில் பேஸ் மட்டும் தனியாக நின்றது, அதற்குள் பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள்" என்று ஒரு வரி போதும். பிடிக்காததையும் எழுதுங்கள், ஆளைத் திட்டாமல். பாட்டு வரிசை மறந்துவிட்டால் கச்சேரி முடிந்ததும் மேடையோரம் போய்ப் பாருங்கள். தரையில் டேப் போட்டு ஒட்டிய காகிதத்தில் எழுதியிருக்கும். கேட்டால் பல பேண்டுகள் கொடுத்துவிடும்.

எழுதியதை இன்ஸ்டாகிராமில் போடும்போது பேண்டை டேக் செய்யுங்கள். சின்ன பேண்டுகள் பெரும்பாலும் படித்துவிட்டுப் பதிலும் போடுவார்கள். வாசலில் டி-ஷர்ட் விற்றால், கையில் காசு இருந்தால் ஒன்று வாங்குங்கள். எக்ஸ்எல் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் உள்ளே போகும்போதே வாங்கிவிடுவது நல்லது.